படைப்பு முன், வாழ்வு பின்: வின்சென்ட் வான்கோவின் கலைமரபு – ஒரு மறுமதிப்பீடு

முன்னுரை

கலைஞனின் வாழ்க்கையைக் கொண்டு அவன் படைப்பை விளக்குவதா, படைப்பைத் தனித்து நோக்குவதா என்பது திறனாய்வுலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் வினா ஆகும். ஓவியக்கலை வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடம் டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் (1853–1890) வாழ்வும் படைப்பும் ஆகும். அவருடைய ஓவியங்களில் ஒன்றையேனும் நேரிற் கண்டிராதவரும் அவர் காதை அறுத்துக்கொண்ட செய்தியை அறிவர். ஓவியங்களைக் கண்டவர்களுட் பலரும் அச்செய்தியின் வழியாகவே அவற்றைக் காண்கின்றனர். இந்நிலை தானாக ஏற்பட்டதன்று. அதற்கென ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அவருடைய கடிதங்களும், அவற்றைப் பதிப்பித்த ஜோஹன்னா வான்கோ-போங்கரும் நடுவிடம் பெறுகின்றனர். படைப்பை முன்வைத்து, வாழ்வைப் பின்வைக்க வேண்டும் என்று ஜோஹன்னா வகுத்த வரிசை பின்னாளில் தலைகீழானதையும், அதனால் வான்கோவின் கலைத்திறன் மதிப்பீட்டில் நேர்ந்த குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓவியரும் காலமும்

வின்சென்ட் வான்கோ 1853 மார்ச் 30ஆம் நாள் நெதர்லாந்தின் வட பிராபான்ட் பகுதியிலுள்ள சுண்டெர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தியோடரஸ் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். 1869இல் கூப்பில் என்னும் ஓவிய வணிக நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில் பணியில் சேர்ந்த வான்கோ, பின்னர் இலண்டன், பாரிசுக் கிளைகளிலும் பணியாற்றி, 1876இல் வேலையிழந்தார். இங்கிலாந்தில் ஆசிரியப் பணி, டோர்ட்ரெக்ட் நகரில் புத்தகக்கடைப் பணி, ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படிப்புக்கான ஆயத்தம், பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமயப்பணி என அடுத்தடுத்து மேற்கொண்ட எதுவும் நிலைக்கவில்லை. 1880இல், தம் 27ஆம் அகவையில், ஓவியராவதென முடிவு செய்தார். 1890 ஜூலை 29ஆம் நாள், துப்பாக்கிக் குண்டுக் காயத்தால், 37ஆம் அகவையில் பாரிசுக்கு வடக்கேயுள்ள ஓவேர் என்னும் ஊரில் மறைந்தார். ஆகவே அவருடைய கலைவாழ்வு முழுவதும் பத்தாண்டுகளுள் அடங்குவது. அப்பத்தாண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் வண்ண ஓவியங்கள் உட்பட 2,000க்கும் மேற்பட்ட படைப்புகள் உருவாயின.

செசான், கோகன், வான்கோ ஆகியோரை உள்ளடக்கிய தலைமுறைக்குப் 'போஸ்ட்-இம்ப்ரெஷனிசம்' என்னும் பெயரை ஆங்கிலத் திறனாய்வாளர் ரோஜர் ஃபிரை 1910இல் இலண்டன் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் நடத்திய கண்காட்சியின் வாயிலாக வழங்கினார். எனவே இப்பெயரை வான்கோ அறிந்திருக்கவில்லை. இம்ப்ரெஷனிச ஓவியர்கள் கண்ணிற்படும் ஒளியின் கணநேரத் தோற்றத்தைப் பற்ற முயன்றனர். அடுத்து வந்தோர் அவர்களுடைய ஒளிமிக்க வண்ணங்களை ஏற்றுக்கொண்டு, கணநேரத் தோற்றத்துக்கு அப்பால் செல்ல விழைந்தனர். செசான் வடிவக் கட்டமைப்பையும், சேரா வண்ண அறிவியலையும், கோகன் குறியீட்டையும், வான்கோ உணர்ச்சியையும் நாடினர் என்று பாடநூல்கள் பகுத்துரைப்பது வழக்கம். இப்பகுப்பில் ஒரு சிக்கல் உள்ளது. மற்ற மூவருக்கும் கருத்தும் முறையும் உரியவையாகக் கூறப்பட, வான்கோவுக்கு உணர்ச்சி மட்டுமே எஞ்சுகிறது. அவருடைய கடிதங்கள் இக்கூற்றை மறுக்கின்றன.

கடிதங்கள் காட்டும் உழைப்பு

தம்பி தியோவுக்கு வான்கோ எழுதியவற்றுள் இன்று கிடைக்கும் முதற் கடிதம் 1872 செப்டம்பர் 29ஆம் நாளுக்குரியது. 2009இல் வெளிவந்த ஆறு தொகுதிகள் கொண்ட முழுப்பதிப்பில் 902 கடிதங்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் 819 வான்கோ எழுதியவை. ஏனையவை அவருக்கு எழுதப்பட்டவை. அவர் எழுதியவற்றுள் பெரும்பான்மையின தியோவுக்கு எழுதப்பட்டவை. பாரிசுக்குச் செல்லும் வரை தம்பிக்குப் பெரும்பாலும் டச்சு மொழியிலும், அதன்பின் பிரெஞ்சு மொழியிலும் எழுதினார்.

இக்கடிதங்களை வாழ்க்கை வரலாற்றுச் சான்றுகளாக மட்டும் கொள்வது வழக்கமாக உள்ளது. ஆனால் அவற்றின் பெரும்பகுதி ஒரு தொழிலாளியின் பணிக்குறிப்பேடு போன்றது. வண்ணக் குழாய்களின் பட்டியல், துணியின் அளவு, படித்த நூல்கள் பற்றிய மதிப்பீடு, பிற ஓவியர்களின் முறைகள் பற்றிய ஆய்வு, தொடங்கிய ஓவியத்தின் கோட்டுப்படம் ஆகியவை அவற்றில் நிறைந்துள்ளன. இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், 1890 ஜூலை 23இல் தியோவுக்கு எழுதிய இறுதிக் கடிதத்திலும் கோட்டுப்படங்களும் வாங்கியனுப்ப வேண்டிய வண்ணங்களின் பட்டியலும் இருப்பது குறிப்பிடத்தக்கது.

1885இல் நூனென் என்னும் ஊரில் வரையப்பட்ட 'உருளைக்கிழங்கு உண்போர்' இவ்வுழைப்புக்குத் தக்க சான்றாகும். ஓர் எளிய விளக்கின் கீழ் உழவர் குடும்பம் ஒன்று உணவுண்ணும் இக்காட்சிக்காக அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் உழவர்களின் தலைகளையும் கைகளையும் அவர் திரும்பத் திரும்ப வரைந்து பயின்றார். தட்டினை நோக்கி நீளும் கைகளே நிலத்தைக் கிண்டியவை என்பதும், உண்ணும் உணவு உழைத்துப் பெற்றது என்பதும் பார்ப்பவருக்குப் புலப்பட வேண்டும் என்று தியோவுக்கு எழுதினார். உரிக்கப்படாத உருளைக்கிழங்கின் மண்படிந்த நிறத்தை ஒத்ததாக அதன் வண்ணத்தை அவர் அமைத்தார். பொருளுக்கேற்ற வண்ணம் என்னும் இத்தேர்வு ஆய்ந்து செய்யப்பட்டது. நண்பரும் ஓவியருமான வான் ரப்பார்ட் உருவங்களின் அமைப்பைக் கடுமையாகக் குறை கூறியபோது, வான்கோ தம் நோக்கத்தை விளக்கி விடையிறுத்தார். அவ்விடைகளில் வெளிப்படுவது தம் முறையை அறிந்து பேசும் கலைஞரின் குரலாகும்.

வண்ணம் பற்றிய அவருடைய அறிவும் கற்றுப் பெற்றதே. சார்ல் பிளாங்கின் நூல்களைப் பயின்று, டெலக்குருவாவின் வண்ண முறையையும், எதிர்நிற இணைகளின் விதியையும் அவர் அறிந்தார். சிவப்பும் பச்சையும், நீலமும் செம்மஞ்சளும், மஞ்சளும் ஊதாவும் அருகருகே அமைந்தால் ஒன்றையொன்று மிகுவிக்கும் என்பது அவ்விதி. வண்ணக் கம்பளி நூல்களை ஒன்றோடொன்று சுற்றிச் சிறு உருண்டைகளாக்கி இவ்விளைவுகளைச் சோதித்துப் பார்த்துள்ளார். அரக்குப் பூசிய பெட்டியொன்றில் அவ்வுருண்டைகள் இன்றும் ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. உணர்ச்சிப் பெருக்கில் வண்ணத்தை அள்ளி வீசியவர் என்ற கருத்தை அந்தச் சிறு பெட்டியே மறுத்துவிடுகிறது.

ஜோஹன்னாவின் பணி

வான்கோ மறைந்து ஆறு மாதங்களில், 1891 ஜனவரி 25ஆம் நாள், தியோவும் மறைந்தார். தியோவின் மனைவி ஜோஹன்னாவுக்கு அப்போது அகவை 28. கையில் ஒரு வயதும் நிறையாத மகன். தியோ மாதந்தோறும் அனுப்பிய பணத்துக்கு ஈடாகத் தம் ஓவியங்கள் தியோவுக்கு உரியவை என்று வான்கோ 1884 முதல் உடன்பட்டிருந்தார். அதனால் அவருடைய படைப்புகளின் பெரும்பகுதி சிதறாமல் ஒரே இடத்தில் இருந்தது. அவற்றோடு கடிதக் குவியலும் ஜோஹன்னாவிடம் வந்து சேர்ந்தது. ஆங்கிலம் கற்றவரும் மொழிபெயர்ப்பாளருமான அவர் நெதர்லாந்தின் பஸ்ஸம் என்னும் ஊரில் விருந்தினர் விடுதி நடத்தி வாழ்ந்துகொண்டே, இச்செல்வத்தை உலகறியச் செய்யும் பணியை மேற்கொண்டார்.

வான்கோ தம் வாழ்நாளில் முற்றிலும் அறியப்படாதவர் என்ற கருத்து சற்றே மிகையானது. 1890 ஜனவரியில் ஆல்பெர் ஓரியே என்னும் இளம் திறனாய்வாளர் பிரெஞ்சு இதழொன்றில் அவரைப் போற்றி நெடுங்கட்டுரை எழுதினார். அவ்வாண்டின் தொடக்கத்தில் பிரசல்சில் நடைபெற்ற கண்காட்சியில் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' என்னும் ஓவியத்தை ஓவியர் அன்னா போக் 400 ஃபிராங்குக்கு வாங்கினார். எனினும் பரந்த புகழ் பின்னரே ஏற்பட்டது. அதற்குக் கால்கோள் இட்டவருள் ஜோஹன்னா முதன்மையானவர். கண்காட்சிகளுக்கு ஓவியங்களை அனுப்புதல், திறனாய்வாளர்களைச் சந்தித்தல், விற்கத்தக்கவற்றையும் விற்கலாகாதவற்றையும் வகைப்படுத்தல், கணக்கேட்டில் பதிதல் என அவர் பணி விரிந்தது. ஏறத்தாழ 190 ஓவியங்கள் அவர் வழி விற்பனையாயின. 1905இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் அவர் ஒருங்கமைத்த கண்காட்சியில் 470க்கும் மேற்பட்ட படைப்புகள் இடம்பெற்றன. 1924இல், நெடுநாள் தம்மைவிட்டுப் பிரிக்க மறுத்த 'சூரியகாந்தி' ஓவியம் ஒன்றை இலண்டன் தேசியக் காட்சிக்கூடத்துக்காக விற்க இசைந்தார்; வின்சென்டின் புகழுக்காகச் செய்யும் தியாகமாகவே அதனை அவர் கருதினார்.

கடிதங்களைப் பொறுத்தவரை அவர் கையாண்ட நெறி தனித்துக் கருதத்தக்கது. எமில் பெர்னார் முதலியோர் வாயிலாகச் சில பகுதிகள் 1893 முதலே இதழ்களில் வெளிவந்திருந்தன. ஆனால் தியோவுக்கு எழுதிய கடிதங்களின் மூன்று தொகுதிப் பதிப்பு 1914இல்தான் வெளிவந்தது. வான்கோ மறைந்து 24 ஆண்டுகள் கழிந்த இக்காலத் தாழ்ப்புக்கு ஜோஹன்னா தம் முன்னுரையில் காரணம் கூறியுள்ளார். நாளிடப்படாத கடிதங்களை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது முதற் காரணம். இரண்டாவது காரணம் அறம் சார்ந்தது: வான்கோ தம் வாழ்வையே ஈந்த படைப்புக்கு உரிய மதிப்புக் கிடைப்பதற்கு முன், அவர் என்னும் மனிதரைப் பற்றிய ஆர்வத்தைத் தூண்டுவது இறந்தவருக்கு இழைக்கும் அநீதியாகும் என்று அவர் கருதினார். படைப்பு முன், வாழ்வு பின் என்னும் வரிசையை இவ்வாறு முதன்முதலில் வகுத்தவர் அவரே.

அவ்வாண்டிலேயே தியோவின் எச்சங்களை யூட்ரெக்டிலிருந்து ஓவேருக்குக் கொணர்ந்து, தமையனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்வித்தார். தம் இறுதிக்காலத்தில் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்த அவர், அது நிறைவுறும் முன்பே 1925இல் மறைந்தார்.

வரிசை மாறிய வரலாறு

ஜோஹன்னா அஞ்சியது 1914க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1892 இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற கண்காட்சியின் பட்டியல் நூலுக்கு ஓவியர் ரோலன்ட் ஹோல்ஸ்ட் வரைந்த அட்டைப்படத்தில், தலைசாய்ந்து வாடிய சூரியகாந்தி மலரைச் சுற்றிப் புனிதர்க்குரிய ஒளிவட்டம் காணப்படுகிறது. ஓவியரைத் தியாகியாகக் காணும் நோக்கு அப்போதே உருப்பெற்றமைக்கு இது சான்று. ஜெர்மானியத் திறனாய்வாளர் மையர்-கிராஃபே 1921இல் அவர் வாழ்வைப் புதினத்தை ஒத்த நடையில் எழுதினார். 1934இல் இர்விங் ஸ்டோன் எழுதிய புதினமும், அதனைத் தழுவி 1956இல் வெளிவந்த ஹாலிவுட் திரைப்படமும் அக்கதையை உலகெங்கும் கொண்டு சென்றன. 1990இல் 'டாக்டர் காஷே' உருவப்படம் 8.25 கோடி டாலருக்கு விலைபோனபோது, அறியப்படாமல் இறந்த மேதை என்னும் கதையும் அவ்விலையோடு சேர்ந்தே பேசப்பட்டது.

இதில் ஒரு முரண் உள்ளது. படைப்பை முன்னிறுத்த விரும்பிய ஜோஹன்னாவின் பதிப்பே வாழ்க்கைக் கதைக்கு மூலப் பனுவலாயிற்று. அப்பதிப்பின் முகப்பில் அவர் எழுதிச் சேர்த்த வாழ்க்கை வரலாறும், பெயர்களைச் சுருக்கியும் சில பகுதிகளை விலக்கியும் அவர் செய்த தொகுப்பும் வான்கோவின் உருவத்தை ஓரளவு தூய்மைப்படுத்தின. பதிப்பாசிரியரின் பங்கு நடுநிலையானதன்று என்பதற்கு இது சான்றாகும். எனினும் கடிதங்களை முழுமையாகப் படிப்போருக்கு அவரே வழிதிறந்துவிட்டார் என்பதையும் மறுப்பதற்கில்லை. கதையை உருவாக்கியோர் கடிதங்களிலிருந்து துயர வரிகளைத் தேர்ந்தெடுத்தனர். பணிக்குறிப்புகளைக் கடந்து சென்றனர். குறை மூலத்தில் இல்லை, வாசிப்பில் உள்ளது.

மூன்று ஓவியங்கள்: மறுவாசிப்பு

வாசிப்பின் குறையை மூன்று ஓவியங்களைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது, 1890 ஜூலையில் ஓவேரில் வரையப்பட்ட 'காகங்களுடன் கோதுமை வயல்'. இருண்ட வானமும், எங்கும் சென்று சேராத பாதையும், கரிய பறவைகளும் அமைந்த இது அவருடைய இறுதி ஓவியம் என்றும், இறப்பின் முன்னறிவிப்பு என்றும் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. ஆனால் இது அம்மாதத்தின் முற்பகுதியில் வரையப்பட்டது. இறுதி ஓவியமாக ஆய்வாளர்கள் இன்று கருதுவது 'மர வேர்கள்' என்னும் படைப்பை. மேலும், இவ்வயல் ஓவியத்தைக் குறிப்பதாகக் கருதப்படும் கடிதத்தில், துயரத்தையும் பெருந்தனிமையையும் வெளிப்படுத்த முயன்றதாக வான்கோ கூறுகிறார். அதே இடத்தில், நாட்டுப்புறத்தில் தாம் காணும் நலமும் வலிமையும் தரும் பண்பை இவ்வோவியங்கள் சொல்லும் என்றும் கூறுகிறார். கதை முதற் பாதியை எடுத்துக்கொண்டது, பிற்பாதியை விட்டுவிட்டது.

இரண்டாவது, 1889 ஜூனில் செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது வரையப்பட்ட 'விண்மீன் இரவு'. நோயின் சுழற்சியே வானின் சுழல்களாக வெளிப்பட்டது என்பது பரவலான விளக்கம். நோய் கடுமையாகத் தாக்கிய காலங்களில் அவருடைய பணி பெரும்பாலும் தடைப்பட்டது. இவ்வோவியமோ மனம் தெளிவுற்றிருந்த காலத்துக்கு உரியது. சாளரத்தின் வழி கண்ட காட்சியோடு, அங்கிருந்து காண இயலாத ஊரையும் சேர்த்துப் பகற்பொழுதில் பணியறையில் அமைக்கப்பட்டது. பின்னர் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், அளவுக்கு மீறிப் பெரிய விண்மீன்களை நாடியதைத் தம் தோல்வியாகவே அவர் மதிப்பிட்டார். உலகம் போற்றும் ஓவியத்தைப் படைத்தவரே இவ்வாறு கண்டிப்புடன் நோக்கியது, கலைஞருள் ஒரு திறனாய்வாளர் இடையறாது விழித்திருந்தமையைக் காட்டுகிறது.

மூன்றாவது, 1888 அக்டோபரில் ஆர்ல் நகரில் வரையப்பட்ட 'படுக்கையறை'. இன்று நீலமாகத் தோன்றும் அதன் சுவர்கள் இளம் ஊதா நிறத்தவை என்று தியோவுக்கு எழுதிய கடிதம் கூறுகிறது. கட்டிலும் நாற்காலிகளும் புதிய வெண்ணெயின் மஞ்சள், போர்வை செந்நிறம், கதவுகள் ஊதா என ஒவ்வொன்றையும் அதில் குறிப்பிட்டு, வண்ணங்களே ஓய்வை உணர்த்த வேண்டும் என்கிறார். அவர் கையாண்ட சிவப்புச் சாயங்கள் ஒளியில் மங்கும் இயல்பின. சிவப்பு மங்கியதால் ஊதா நீலமாயிற்று என்பதை வேதியியல் ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. நீலச் சுவர்களைக் கண்டு ஓவியரின் மனநிலையை உய்த்துணர்வோர், உண்மையில் காலம் செய்த மாற்றத்தையே உய்த்துணர்கின்றனர். தாம் பயன்படுத்தும் வண்ணங்கள் நிலையற்றவை என்பதையும் வான்கோ அறிந்திருந்தார். காலம் தணித்துவிடும் என்பதாலேயே அவற்றைத் துணிந்து மிகுத்துத் தீட்ட வேண்டும் என்று எழுதினார். இங்குக் கடிதம் வாழ்க்கைக்குச் சான்றாவதைவிட ஓவியத்துக்கு உரையாகவே பயன்படுகிறது. இதுவே கடிதங்களைப் பயன்கொள்ளும் தக்க முறை எனலாம்.

வாழ்வுக்குரிய இடம்

இவற்றால் வாழ்வை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது பெறப்படாது. பொரினாஜ் சுரங்கத் தொழிலாளரிடையே வாழ்ந்த பட்டறிவு இல்லையேல் 'உருளைக்கிழங்கு உண்போர்' தோன்றியிருக்குமா என்பது ஐயமே. 1890 பிப்ரவரியில் வரையப்பட்ட 'வாதுமை மலர்கள்', தம் பெயரையே தாங்கிப் பிறந்த தம்பி மகனுக்கு அளித்த பரிசு என்பதை அறிவது அதன் நீலப் பின்புலத்தின் தெளிவை உணரத் துணைபுரியும். அக்குழந்தையான வின்சென்ட் வில்லெம் பிற்காலத்தில் பொறியாளராகி, 1962இல் குடும்பத் தொகுப்பை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தார். அதன் பயனாக 1973இல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வாழ்வு படைப்புக்குள் நுழையும் வாயில்களுள் ஒன்று; அதுவே படைப்பாகிவிடாது.

இவ்வேறுபாடு புறக்கணிக்கப்படும்போது இழப்பு இருவகைப்படும். நோயே கலையின் ஊற்று எனக் கொள்வதால், நோயுற்றிருந்தும் கற்றும் பயின்றும் படைத்த ஒருவரின் உழைப்பு மறைக்கப்படுகிறது. மனநோயின் துயரமும் அழகிய கதையாக்கப்படுகிறது. 1888 டிசம்பர் 23ஆம் நாள் நிகழ்ந்த காதறுப்பை வான்கோ தம் கலையின் பகுதியாக எங்கும் போற்றவில்லை. நோய் மீண்டும் வருமோ என்ற அச்சமும், அதற்கிடையே வேலை செய்தாக வேண்டும் என்ற உறுதியுமே அதன்பிற்பட்ட கடிதங்களில் மேலோங்கியுள்ளன.

அவருடைய கலைமரபை உண்மையாக ஏற்றுக்கொண்டோர் ஓவியர்களே. 1901இல் பாரிசில் நடைபெற்ற கண்காட்சி விளாமிங்க், மத்தீஸ் முதலியோருக்கு வண்ணத்தின் விடுதலையைக் காட்டியது. 1905இல் டிரெஸ்டனில் அவர் ஓவியங்களைக் கண்ட ஜெர்மானிய இளைஞர் குழுவினர் தூரிகை வீச்சின் ஆற்றலைக் கற்றனர். அவர்கள் அவரிடமிருந்து பெற்றது வாழ்க்கைத் துயரமன்று. கண்ணிற்பட்ட நிறத்தினின்று விலகிப் பொருளுக்கேற்ற நிறத்தைத் தேரும் துணிவு ஆகும்.

முடிவுரை

வான்கோவின் கலை பத்தாண்டுக் காலக் கல்வியாலும் பயிற்சியாலும் விளைந்தது என்பதை அவருடைய கடிதங்கள் நிறுவுகின்றன. அக்கடிதங்கள் கலைஞரின் வாழ்க்கைச் சான்றுகளாக அமைவதினும் அவருடைய ஓவியங்களுக்கு அவரே எழுதிய உரையாகப் பெரிதும் பயன்படுகின்றன. அவர் புகழ் நிலைபெற்றதில் ஜோஹன்னாவின் பதிப்புப் பணியும் கண்காட்சிப் பணியும் அடிப்படையானவை. அவர் வகுத்த 'படைப்பு முன், வாழ்வு பின்' என்னும் வரிசை இருபதாம் நூற்றாண்டின் புதினங்களாலும் திரைப்படங்களாலும் சந்தையாலும் தலைகீழாக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு முழுப்பதிப்பும் வண்ணங்கள் பற்றிய வேதியியல் ஆய்வுகளும் அவ்வரிசையை மீண்டும் நேர்செய்வதற்கான கருவிகளை வழங்கியுள்ளன. காதறுந்த மனிதரை அறிந்தோர் பலர். கம்பளி நூலைச் சுற்றி நிறங்களைச் சோதித்த ஓவியரை அறிந்தோர் சிலர். அச்சிலரின் தொகையைப் பெருக்குவதே இறந்தவருக்குத் திறனாய்வு செய்யத்தக்க நீதியாகும்.